டீச்சர் நீட்டிய புத்தகம்

மேசைக்கு மேலே நீண்டிருந்த அந்தக் கைதான் இன்றும் முதலில் நினைவுக்கு வருகிறது. கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு மெல்லிய நாவல். நீட்டியவர், கிள்ளானில் என் மகள் படித்த தமிழ்ப்பள்ளியின் நூலகத்தைக் கவனித்துக்கொண்ட டீச்சர். எதிரே இருந்தவர் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர். சங்கச் செயலாளராகிய நான் இருவருக்கும் நடுவில், எழுந்து ஓடவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

எல்லாம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு படத்தால் வந்த வினை. அந்த நாவலின் ஒரே ஒரு பக்கம். தோட்டத்துப் பள்ளியில் படிக்கும் ஒரு சிறுமி, ‘என் அப்பா’ என்று கட்டுரை எழுதச் சொன்னால், அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பதை அப்படியே எழுதிவிடுகிறாள். இது நம் இனத்தைக் கேவலப்படுத்துகிறது, பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று ஒருவர் கிளப்பிவிட, குழுவே கொதித்தது. முழுப் புத்தகத்தைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. குடியும் அடியும் எங்கள் யாருக்கும் புதிதல்ல. அது அச்சில் வந்ததுதான் பொறுக்கவில்லை.

தலைமை ஆசிரியருக்கு வம்பு வேண்டாம். பேசாமல் நூலகத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்று டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லிப் பார்த்தார். “இதையே திரும்பத் திரும்ப எடுத்துட்டுப் போற பிள்ளைங்க இருக்கு சார். ஏன் எடுக்குதுங்கன்னு எனக்குத் தெரியும்” என்றார் டீச்சர். அதற்குமேல் அவர் விளக்கவில்லை.

சங்கக் கூட்டத்தில் தலைவர் தன்மையாகத்தான் ஆரம்பித்தார். லோரி கம்பெனி வைத்திருந்தவர். பள்ளிக் கூரை ஒழுகினால் முதலில் ஏணியோடு வந்து நிற்பவர். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது.

“டீச்சர், உங்க மேல எங்களுக்கு மரியாதை இருக்கு. ஆனா இந்தப் புக்கு வேணாம்லா.”

“எடுக்கணும்னா எடுத்துர்றேன் அண்ணே. அதுக்கு முன்ன அந்தப் பக்கம் வர்ற அத்தியாயத்தை நீங்களே சத்தமா வாசிங்க. எல்லாரும் கேட்டுட்டு முடிவு பண்ணட்டும்.”

தலைவர் மலாய்ப் பள்ளியில் படித்தவர். மேடையில் தமிழில் முழங்குவார். எழுத்துக் கூட்டத் தெரியாது. அவருடைய தமிழ் உரைகளை ஆங்கில எழுத்தில் தட்டித் தந்தவன் நான். எங்களில் இப்படிப் பலர் உண்டு. தமக்குக் கிடைக்காதது பிள்ளைக்காவது கிடைக்கட்டும் என்றுதான் தமிழ்ப்பள்ளியில் சேர்ப்பார்கள். அந்த வருடம்தான் இங்கே வந்த டீச்சருக்கு இது தெரியாது.

தலைவர் வாங்கினார். ஒரு பக்கத்தைத் திருப்பினார், கண்ணாடியைச் சரிசெய்தார், பிறகு பொருளாளரிடம் தள்ளினார். அவரும் அதே ரகம். அவர் பக்கத்திலிருந்தவரிடம் தள்ளினார். கடைசியில் புத்தகம் என்னிடம் வந்து நின்றது. தலைவரின் முகம் கறுத்துவிட்டது.

“என்னைய அசிங்கப்படுத்தத்தான் கொடுத்தீங்களா?”

“சத்தியமா இல்ல அண்ணே. தமிழ்ப்பள்ளித் தலைவர், வாசிப்பீங்கன்னுதான் நெனச்சேன்.”

உண்மையைத்தான் சொன்னார். அதுதான் எரிகிற தீயில் எண்ணெயாகிவிட்டது.

நான் வாசித்தேன். அந்தச் சிறுமியின் அப்பாவைப் பள்ளிக்கு அழைக்கிறார்கள். அவர் வந்து வகுப்பு வாசலில் நிற்பதோடு அத்தியாயம் முடிகிறது. பின்வரிசையில் ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிழைத்தோம் என்று நினைத்தேன். ஆனால் அதற்குள் விஷயம் புத்தகத்தைத் தாண்டித் தலைவரின் மானத்துக்குப் போய்விட்டது. எடுக்கச் சொல்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார் தலைவர். எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தபடியே தூக்கினார்கள். நானும் அந்த அம்மாவும் மட்டும் தூக்கவில்லை.

புத்தகம் தலைமை ஆசிரியர் அறைக்குப் போனது. அடுத்த ஆண்டு பள்ளி திறந்தபோது டீச்சரை ஜெஞ்சாரோம் பக்கம் வேறொரு பள்ளிக்கு மாற்றியிருந்தார்கள். வழக்கமான மாற்றம் என்றார்கள். நான் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. நினைக்கும்போதெல்லாம் ஆத்திரம்தான் வருகிறது.

போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தலைவரைப் பார்த்தேன். இப்போது அவர் தலைவர் இல்லை, நானும் செயலாளர் இல்லை. டீசல் விலை, பிள்ளைகளின் வேலை என்று பேசிக்கொண்டிருந்தவர், இலையை மூடிய பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“செக்ரட்டரி, அந்தக் கதையில அவங்கப்பா கிளாஸ் வாசல்ல வந்து நிப்பாரே. அப்புறம் உள்ள போனாரா?”

எனக்குத் தெரியாது. நானும் அந்த ஓர் அத்தியாயத்தைத்தான் வாசித்தேன். பிறகு தேடியபோது எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.

“தெரியலண்ணே. மிச்சத்த நான் படிக்கல.”

“அதனால என்ன, ஸ்கூல் லைப்ரரில இருக்கும்லா? போய் எடுத்துப் பாரு” என்றார்.

நான் அவரையே பார்த்தேன். தான் சொன்னது அவருக்கே விளங்கச் சற்று நேரம் பிடித்தது.