பயிற்சித்தாளில் மாற்றிய பெயர்

இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வீட்டிலிருந்தபடியே சீனாவில் ஏழாம், எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கணினி வழியாக ஆங்கில இலக்கணமும் சொற்களும் படிப்பிக்கிறேன்.

ஒருநாள் வாசிப்புப் பயிற்சிக்கு நல்ல பந்தி எதுவும் அகப்படவில்லை. குருநகரில் மீன் விற்கும் திரேசம்மாவுக்கு முன்பு நான் எழுதிக் கொடுத்த ஆங்கிலக் கடிதம் கணினியில் கிடந்தது. யுத்தத்தில் காணாமல் போன மகன் அன்ரனைத் தேடித் தரும்படி ஒரு வெளிநாட்டு அலுவலகத்துக்கு எழுதியது. அன்ரன் என்பதை மட்டும் லீ என்று மாற்றிவிட்டுக் கேள்விகள் போட்டேன். லீ என்ன நிறச் சட்டை அணிந்திருந்தான்? அவனைக் கடைசியாகக் கண்டவர் யார்?

ஒரு சிறுமி எல்லாவற்றுக்கும் சரியாக விடை எழுதி, அடியில் தானாக ஒரு வரி சேர்த்திருந்தாள்.

"சேர், லீ வீட்டுக்கு வந்துவிட்டானா?"

கடிதத்தை எழுதிக் கொடுத்த நான், அதற்குப் பதிலாவது வந்ததா என்று திரேசம்மாவிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

மறுநாளே போய் நடந்ததைச் சொன்னேன். ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் மீன் வெட்டுவதை நிறுத்தினாள்.

"எத்தினை பிள்ளையள் வாசிச்சவை, மாஸ்ரர்?"

"முப்பது பேர்."

"அப்ப அவன்ரை பேரை ஏன் மாத்தினனீங்கள்? முப்பது பிள்ளையள் அவன்ரை பேரைச் சொல்லியிருப்பினமல்லோ."

பெயரை மறைத்ததொன்றுதான் நான் செய்த நல்ல காரியம் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். கடிதத்துக்குப் பதில் வந்ததா என்று அப்போதுதான் கேட்டேன்; இல்லையென்று தலையசைத்தாள்.

அன்று மாலை அந்தச் சிறுமிக்கு எழுதினேன்: "இன்னும் வரவில்லை. அவனுடைய உண்மையான பெயர் அன்ரன்."