ஸ்பர்லிங்கின் மாற்று ஆள்

மாஜாங் என்கிற சீன ஆட்டத்தின் காய்களை மேஜைமேல் கொட்டிக் குலுக்குகிறார் ஸ்பர்லிங். மூங்கில் காய்கள் காலாட்படை, வட்டக் காய்கள் பீரங்கிக்காரர்கள், காற்றுக் காய்கள் கப்பல்கள். ஹாங்காங்கில் தவணை முடிந்த பட்டாளம் ஊர் திரும்ப வேண்டும்; அதன் இடத்துக்கு இங்கிலாந்திலிருந்து புதுப் பட்டாளம் வந்து இறங்க வேண்டும்; நடுவில் எல்லை காலியாகக் கிடக்கக் கூடாது. இதைத் திட்டமிடுவதுதான் அவர் வேலை. இதற்கென்று லண்டன் வண்ணப் பென்சில்களும் வரைபடங்களும் அனுப்பியிருக்கிறது. பென்சிலால் காது குடைகிறார். வரைபடத்தின்மேல் தேநீர்க் கோப்பையை வைக்கிறார்.

புது ஜெனரல் ஒருநாள் உள்ளே வந்து மேஜைமேல் சாய்ந்து நின்றார். "என்னய்யா இது, ஆபீஸ் நேரத்துல சூதாட்டமா?"

"இல்ல சார், உங்க பீரங்கிப் படையை மலாயா அனுப்பிக்கிட்டிருக்கேன். கொஞ்சம் முழங்கையை எடுத்தீங்கன்னா கப்பல் கிளம்பிடும்."

ஜெனரல் முழங்கையை எடுத்தார்.

ஸ்டாஃப் சார்ஜன்ட் வில்ஃப்ரெட் ஸ்பர்லிங், நார்ஃபோக்கில் கோழி வளர்த்தவரின் மகன். முகம் வெயிலில் வெந்து சிவந்தது, மறுபடி வெளுக்கவே இல்லை. காலுறைகளில் ஒன்று எப்போதும் கணுக்காலில் வழிந்து கிடக்கும். ஆயிரக்கணக்கான பேரைக் கடல் கடத்துகிற இந்த மனிதருக்குக் கடல் என்றாலே குமட்டல். எதிர்க்கரையிலிருக்கும் கௌலூனுக்குப் படகில் போகும்போதுகூடக் கண்ணை இறுக மூடிக்கொண்டு கம்பியைப் பிடித்திருப்பார்.

இந்தக் காலனிக்கு வரும் எந்தச் சிப்பாயும் மூன்று வருஷத்துக்குமேல் இருக்க முடியாது. ஸ்பர்லிங் யுத்தம் முடிந்ததிலிருந்து இங்கேயே இருக்கிறார். யாரை எப்போது மாற்றுவது என்று திட்டம் போடுகிறவரே அவர்தான் என்பதால் இது சாத்தியமாயிற்று. எல்லாக் காய்களும் மேஜைமேல் நகரும். எழுத்தில்லாத ஒரு வெள்ளைக் காய் மட்டும் அவர் சட்டைப்பையில் இருக்கும். அது யார் என்று கேட்டேன்.

"அதுவா? அது இன்னும் தயாராகல, ரெமி."

நான் ரெமேதியோஸ். மக்காவ்காரன், அடுத்த மேஜைத் தட்டச்சுக்காரன். அதற்குமேல் கேட்கவில்லை.

அவர் செய்த ஒரே பெரிய சொதப்பல் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருமுறை புதுப் பட்டாளத்தின் கப்பல் துறைமுக வாயிலில் தெரிந்ததுமே, பழைய பட்டாளத்தை ஏற்றி அனுப்பிவிட்டார். வந்த கப்பலிலோ அம்மை. ஒருவரும் இறங்கக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அம்மை தணியும்வரை சீன எல்லையைக் காத்தது பேண்டு வாத்தியக்காரர்களும் சமையல்காரர்களும்தான். நல்லவேளை, எதிர்ப்பக்கம் யாரும் கவனிக்கவில்லை. அல்லது கவனித்துச் சிரித்துவிட்டு, போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அன்றிலிருந்து ஒரு விதி. வருகிறவன் தரையிறங்கி, துறைமேடையிலேயே ஒரு கிண்ணம் கஞ்சி குடித்து முடித்தால்தான் போகிறவன் கப்பலில் கால் வைக்கலாம். நோயாளிக்குக் கஞ்சி இறங்காதாம். கஞ்சி லாம் கடைப் பானையிலிருந்துதான் வர வேண்டும் என்றும் சேர்த்து எழுதி, ஜெனரலிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்.

லாம் போ-யிங், கௌலூன் பட்டாளக் குடியிருப்புக்கு எதிரே கஞ்சிக்கடை வைத்திருக்கும் விதவை. ஞாயிறுதோறும் அவள் கடைப் பின்னறையில் உட்கார்ந்து மாஜாங்கில் தோற்பது ஸ்பர்லிங்கின் வழக்கம். அவளில்லாமல் ஒரு ஞாயிறைக்கூட அவரால் ஓட்ட முடியாது என்பது கௌலூன் தெருநாய்களுக்கும் தெரியும். அவளிடம் மட்டும் அவர் சொன்னதில்லை.

"என்னமோ சொல்ல வந்தே, சொல்லு பிசாசே. வாயில என்ன கொழுக்கட்டையா?" என்பாள். வெள்ளைக்காரன் எல்லோரும் அவளுக்குப் பிசாசுதான்.

"உன் ஆட்டம்னு சொல்ல வந்தேன்," என்பார் இவர்.

புதிதாக வந்திறங்கிய ஒரு கர்னல் அவளிடம் பட்ட பாடு ஊரறிந்தது. கஞ்சியை முகர்ந்துவிட்டு, இதெல்லாம் நமக்கு ஆகாது என்று தள்ளிவைத்தார். கிளம்ப வேண்டிய பழைய கர்னல் வெயிலில் நின்று புழுங்க, கப்பல் அரைநாள் காத்திருந்தது. லாம் கரண்டியோடு போய் நின்றாள்.

"நீ ராணிக்கே படை நடத்து, எனக்கென்ன. வாயைத் திற."

கர்னல் திறந்தார்.

போன மாதம் லண்டனில் ஒரு புது அதிகாரி கணக்குப் பார்த்திருக்கிறார். ஒரே ஓர் ஆள் மட்டும் நகரவேயில்லை என்பது அவர் கண்ணில் பட்டுவிட்டது. தந்தி வந்தது: சார்ஜன்ட் ஃபாலோஸ் வருகிறார், அதே கப்பலில் ஸ்பர்லிங் திரும்ப வேண்டும். ஜெனரல் கையை விரித்துவிட்டார். ஸ்பர்லிங் சட்டைப்பையிலிருந்து வெள்ளைக் காயை எடுத்து மேஜையில் வைத்தார். இவர் போய்விட்டால் அந்த அலுவலகத்தில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது?

அன்று மாலை அவரோடு நானும் கஞ்சிக்கடைக்குப் போனேன். தந்தி வந்ததை லாமிடம் சொன்னார். லாம் இஞ்சி நறுக்குவதை நிறுத்தவில்லை.

"போயேன். ஊர்ல கோழிங்க இருக்காமே. அதுங்ககிட்டயாவது வாயைத் திறந்து பேசு."

கப்பல் வந்த நாள் துறைமேடையில் நானும் இருந்தேன். ஸ்பர்லிங்கின் பெட்டி ஏற்கெனவே கப்பலுக்குள் போய்விட்டது. ஃபாலோஸ் இறங்கி வந்தார். கடா மாதிரி உடம்பு, நோய்நொடி எதுவும் அண்டாத முகம்.

"பசி உயிர் போகுது சார். இங்க ஏதோ கஞ்சி குடுப்பாங்கன்னு கப்பல்ல சொன்னாங்க," என்றார்.

வழக்கமாக லாமின் அண்டாவை இரண்டு பேர் வண்டியில் தள்ளி வருவார்கள். அன்று அவள் தனியாக, இடுப்பில் ஒரு சின்னப் பானையோடு வந்தாள். ஒரே ஒரு கிண்ணம் ஊற்றினாள். பிறகு பானையைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"இன்னைக்கு அரிசி இல்ல," என்றாள், கப்பலின் புகைபோக்கியைப் பார்த்தபடி.

"சீக்கிரம் குடிங்க, கப்பல் காத்துக்கிட்டிருக்கு," என்று ஜெனரலின் உதவியாளர் அவசரப்படுத்தினார்.

ஃபாலோஸ் பெஞ்சில் உட்கார்ந்து கிண்ணத்தை ஊத ஆரம்பித்தார். ஸ்பர்லிங் கப்பலைப் பார்த்தார். கவிழ்ந்த பானையைப் பார்த்தார். பானையைப் பிடித்திருந்தவளை நிறைய நேரம் பார்த்தார். பிறகு ஃபாலோஸின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, சுடச்சுடக் குடிக்க ஆரம்பித்தார். "ஐயோ, வந்தவர் குடிக்காம நீங்க ஏற முடியாதே!" என்று உதவியாளர் கத்தினார். கப்பல் சங்கு ஊதியது. ஸ்பர்லிங் அடியில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்து நக்கிவிட்டு, காலிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.