திராட்சைப் பந்தலில் தொங்கிய ரேடியோ

பன்னீர் திராட்சை பழுத்துவிட்டால் எங்கள் சுருளிப்பட்டித் தோட்டத்துக் காற்றே இனிக்கும். அந்த இனிப்பு எங்கள் மூக்குக்கு எட்டும் முன்பே மைனாக்களுக்கு எட்டிவிடும். அதற்காகவே அப்பா பந்தலின் கல்லுக்காலில் ரேடியோவைக் கட்டி, விடியும்போதே சத்தமாக வைத்துவிடுவார். மனிதக் குரல் கேட்டால் குருவி அண்டாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதிலும் பாட்டைவிடச் செய்திக்குத்தான் நன்றாக மிரளும் என்று அப்பா அடித்துச் சொல்வார்.

நான் ஐந்தாவது படித்த வருஷம், கம்பத்திலிருந்து "யாபாரி" பழம் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்த ஞாயிற்றுக்கிழமை அது. குருவி கொத்திய குலை நாலு கண்ணில் பட்டால் போதும், மொத்தத் தோட்டத்தையும் பாதி விலைக்குக் கேட்பார். செய்தி முடிந்து காட்டுப் பறவைகளைப் பற்றி ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. "குருவியப் பத்தியே பேசுறாக, இன்னும் நல்லா மிரளும்" என்று அப்பா சத்தத்தைக் கூட்டினார். பேசியவரோ பேச்சோடு நிற்காமல், பதிவு செய்துவந்த மைனாக் குரலை எடுத்துப் போட்டார். அவ்வளவுதான், கரண்டுக் கம்பியில் இருந்த மைனாக்கள் அத்தனையும் பந்தலில் வந்து இறங்கிவிட்டன.

அம்மா தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடிவந்தார். "வெரட்டச் சொன்னா விருந்துக்குல்ல கூப்பிட்டு விட்டிருக்கீக. மொதல்ல அமத்துங்க." திருகப் போன அப்பாவின் கையை நான் எட்டிப் பிடித்துக்கொண்டேன். அடுத்து வல்லூறின் குரல் என்று சொன்னது என் காதில் விழுந்திருந்தது. வல்லூறு வட்டமிட்டால் எங்கள் தாய்க்கோழியே பதறும், மைனா எம்மாத்திரம்? 'கீ... கீ...' என்று அது வீரிட்டதும் பந்தல் ஒரே மூச்சில் காலியானது.

ரேடியோவில் அந்தக் குரல் நின்றதும் மைனாக்கள் திரும்பும் என்று தெரியும். அதனால் நானே அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு, யாபாரி வரும்வரை வரிசை வரிசையாக ஓடிக் கத்தினேன். தொண்டை புண்ணானாலும் அன்று எனக்கு நிகர் யாருமில்லை என்றே நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். பழத்தைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிய யாபாரி, இங்கன என்ன அப்படிக் கத்துது என்று விசாரித்தார். அப்பா என்னைக் காட்டி, "எங்க வீட்டு வல்லூறு" என்றார்.

இப்போது அந்த நிகழ்ச்சி இல்லை, பந்தலில் ரேடியோவும் இல்லை. தோட்டமெங்கும் வலை; கம்பியில் மைனா உட்காருவதே அரிதாகிவிட்டது. போன மாதம் போயிருந்தபோது ஓடையோரத்து வரிசை மட்டும் மூடாமல் கிடந்ததைப் பார்த்து, ஏனென்று கேட்டேன். "வலை பத்தலை ஆத்தா" என்றார் அப்பா. மோட்டார் அறையில் ஒரு வலை பிரிக்காமலே கிடப்பதை அம்மா எனக்குக் காட்டினார்; அப்பாவிடம் ஒன்றும் கேட்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.