மூன்று காது கேட்ட பிறகு

1. டேக் போடும் முன்

ஆடியோவைக் கேட்டு டைப் அடிக்கும் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் முதல் நாளே ஒன்றைக் கறாராகச் சொல்லிவிடுவேன். ஆடியோவில் ஒரு வார்த்தை பிடிபடவில்லை என்றால் உடனே ‘இன்ஆடிபிள்’ என்று டேக் போட்டுவிட்டு ஓடக் கூடாது. வேகத்தைக் குறைத்துக் கேட்க வேண்டும். பக்கத்து ஆளைக் கேட்கச் சொல்ல வேண்டும். அப்படியும் பிடிபடாவிட்டால் என்னிடம் கொண்டுவர வேண்டும். மூன்று பேரும் தோற்றால்தான் காதில் விழவில்லை என்று எழுதலாம். செம்மேட்டில் எங்கள் கிளையில் இதற்குப் பேரே ‘மூணு காது’. இந்தச் சட்டத்தைச் சொல்லிச் சிலரை அழக்கூட வைத்திருக்கிறேன். தெரிந்தே அதை மீறியது ஒரே ஒரு ஆள். அது நான்.

என் பேர் ஜெயசீலி. கரூரில் டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவள். நாமக்கல் கம்பெனி ஒன்று, வாடகை குறைவு என்று கொல்லிமலையில் கிளை திறந்தபோது சூப்பர்வைசராக மலை ஏறினேன். முதலில் அமெரிக்க டாக்டர்களின் டிக்டேஷன் வந்தது. அதை மெஷினே எழுதக் கற்றுக்கொண்டதும் அமெரிக்கச் சிற்றூர்களின் பள்ளி நிர்வாகக் கூட்டங்கள் வந்தன. அங்கே ராத்திரி கூட்டம் முடிந்தால், இங்கே நாங்கள் காலை டீ குடித்துவிட்டு உட்காரும்போது ஆடியோ வந்திருக்கும். மெஷின் ஒரு டிராஃப்ட் போட்டுத் தரும். நாங்கள் காலால் ஃபுட் பெடலை மிதித்து, ஆடியோவை நிறுத்தி நிறுத்திக் கேட்டுத் திருத்துவோம். நாங்கள் அனுப்புவதுதான் அந்த ஊரின் அதிகாரபூர்வப் பதிவு.

2. ஆளுக்கு மூன்று நிமிஷம்

அமெரிக்கா என்றால் எனக்கு சினிமாவில் பார்த்த உயரமான கட்டடங்கள்தான். ஹெட்போனில் வந்தது வேறு ஊர். ஒரு ஹால், ஒரு மைக், ஷீட்டில் பேர் எழுதிக் கொடுத்தவர்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிஷம். ஆரம்ப வருஷங்களில், கறுப்பின மக்கள் போலீஸ் கையில் சாவதை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள் வந்து பேசினார்கள். எங்கள் பாட்டன் பூட்டன் பட்டதைப் பாடத்தில் வையுங்கள் என்றார்கள். கைதட்டல் கேட்கும். கொஞ்ச காலத்தில் காற்று திசை மாறியது. வைத்த பாடத்தை எடு, லைப்ரரியில் இந்தப் புத்தகத்தை எடு என்று வேறு குரல்கள் வந்தன. அதற்கும் கைதட்டல் கேட்டது.

அதில் ஒரு ஊரில், ஒரு அப்பா எல்லாக் கூட்டத்துக்கும் வருவார். கரகரத்த குரல். லாரி ஓட்டுகிறவர் என்று அவரே சொல்லியிருக்கிறார். பெற்றவனுக்குத் தெரியாமல் பிள்ளைக்கு என்ன சொல்லித் தருகிறீர்கள் என்று கேட்கும்போது அவர் குரல் உடையும். அவர் சொன்னதில் பாதி எனக்கும் நியாயமாகப் பட்டது. மீதிப் பாதியைக் கேட்டு எரிச்சல் வந்தது. இரண்டையும் ஒரு எழுத்து விடாமல்தான் பதிந்தோம்.

அப்புறம் அங்கே புது விதி ஒன்று பேச்சுக்கு வந்தது. பிறப்புச் சான்றிதழில் உள்ள பேரைச் சொல்லித்தான் டீச்சர்கள் மாணவர்களைக் கூப்பிட வேண்டும். அந்தக் கூட்டத்தில், பெண்ணாகப் பிறந்து பையனாக வாழ்கிற பதினாறு வயது மாணவன் ஒருவன் மைக்குக்கு வந்தான். “ஷீட்டில் இருப்பது என் பேர் இல்லை. என் பேர் ஈதன். ஒரு தடவையாவது இந்த ஊர்ப் பதிவில் என் பேர் இருக்க வேண்டும் என்று வந்தேன்” என்றான். ஷீட்டில் இருந்த அந்தச் சான்றிதழ்ப் பேரை நான் இங்கே எழுதப் போவதில்லை.

3. டவர் இல்லாத நாள்

அந்த ஃபைலைத் திருத்தியவள் யாழினி. வாசலூர்பட்டிக்காரி, எங்கள் கிளையிலேயே கூர்மையான காது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் ஒருநாள் சுடிதார் போட்டுக்கொண்டு வந்து, இனிமேல் யாழினி என்று கூப்பிடுங்கள் என்றாள். திருநங்கை என்று எல்லோருக்கும் புரிந்தது. கூட இருந்த பிள்ளைகள் ஒரே வாரத்தில் பழகிக்கொண்டார்கள். நான் மட்டும் ரிஜிஸ்டரில் இருந்த ஆண் பேரைச் சொல்லியே கூப்பிட்டேன். ரெக்கார்டுப்படி நடக்கிறேன் என்று அதில் ஒரு பெருமை வேறு. அவளும் “என்னங்க மேடம்” என்று வந்து நிற்பாள்.

சரிபார்த்து அனுப்பப் போகும் நேரத்தில் நாமக்கல்லிலிருந்து மேனேஜர் சம்பத்தின் போன் வந்தது.

“ஏனுங்க மேடம், அந்த ஸ்கூல் ஃபைல் அனுப்பிட்டீங்களா?”

“இதோ, அனுப்பப் போறேன் சார்.”

“கொஞ்சம் பொறுங்க. கிளையன்ட்டு மெயில் போட்டுருக்காங்க. ஒரு புள்ள பேரு சொல்ற எடம் வருதாமுல்லீங்க, அது ரெக்கார்டுல வந்தா அங்க பெரிய பிரச்சன ஆயிருமாம். அந்த எடத்துல இன்ஆடிபிள் போட்ருங்க. ஷீட்டுல இருக்கற பேரே இருக்கட்டுமுங்க.”

“ஆடியோ அவ்வளவு தெளிவா இருக்கு சார்.”

“இருந்துட்டுப் போவட்டுமுங்க. அவுங்க ஊருச் சண்ட நமக்கு என்னத்துக்குங்க?”

எனக்கும் அது சரியென்றே பட்டது. ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம்தான், வம்பு வேண்டாம் என்று நினைத்தேன். அந்த மூன்று வாக்கியங்களையும் அழித்துவிட்டு டேக் போட்டேன்.

யாழினி என் ஸ்கிரீனைப் பார்த்துவிட்டாள். “மேடம், மூணு காது கேட்டுச்சுங்களா?” என்றாள்.

“உன் வேலையப் பாரு” என்று அவளுடைய பழைய பேரைச் சொல்லி அதட்டினேன். அவள் போய் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

அன்றைக்கு மழை. கொஞ்ச நேரத்தில் டவர் போய், நெட்டும் நின்றது. ஃபைலைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து அனுப்பினேன். வழியெல்லாம் மனசை மாற்றிக்கொள்ள நேரம் இருந்தது. நான் மாற்றிக்கொள்ளவில்லை.

4. ஒன்பது வினாடி

அடுத்த மாதக் கூட்டத்தின் ஆடியோ வந்தது. அன்று ஆள் குறைவு, நானே பெடலில் கால் வைத்தேன். நாற்பதாவது நிமிஷத்தில் ஈதன் பேசினான். கையில் பேப்பர் படபடக்கிற சத்தம் கேட்டது.

“போன கூட்டத்தின் பதிவை வாங்கிப் பார்த்தேன். நான் என் பேரைச் சொன்ன இடத்தில் காதில் விழவில்லை என்று போட்டிருக்கிறார்கள். இதே மைக்கில்தான் பேசினேன். யாருக்குக் காதில் விழவில்லை?”

ஸ்கிரீனில் நேரம் காட்டும் டைம் ஸ்டாம்பில் வெறும் ஒன்பது வினாடி ஓடியது. பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டேன். எத்தனையோ ஆயிரம் மைல் தள்ளி இருக்கிற பிள்ளை என்னைப் பேர் சொல்லிக் கேட்டது போல இருந்தது. எனக்கு விழுந்தது தம்பி என்று சொல்ல வழியில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி மிதித்தேன்.

ஹாலின் பின்னாலிருந்து ஒரு கரகரத்த குரல் வந்தது. மெஷின் அதை யாரென்று தெரியாத ஆள் என்று குறித்திருந்தது. எனக்குத் தெரியும், அந்த லாரிக்காரர்.

“எனக்கு விழுந்தது. நீ கேட்கிறதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் நீ சொன்னது எனக்கு விழுந்தது.”

எதிர்த்துப் பேச வந்த மனிதருக்கு இருந்த நேர்மை, காதை வைத்தே பிழைத்த எனக்கு இல்லாமல் போயிற்று. வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

முழுவதையும் டைப் செய்தேன். பேசியவர் என்ற இடத்தில் ஈதன் என்று போட்டேன். மத்தியானம் சம்பத் கூப்பிட்டார்.

“மேடம், போன தடவ மாதிரியே இதையும்...”

“கேக்குற ஆடியோவுக்கு இனிமே அந்த டேக் போட மாட்டேன் சார். போன மாசத்து ஃபைலையும் திருத்தி அனுப்பிட்டேன்.”

“என்னுங்க மேடம் இப்படிப் பண்றீங்க, காண்ட்ராக்ட் போயிருமுங்க.”

போய்த்தான் விட்டது. திருத்திய ஃபைலையும் அவர்கள் ஏற்கவில்லை, பழைய பதிவு முன்பே ஒப்புதல் ஆகிவிட்டதாம். அந்தப் பேர் விதியும் அங்கே நிறைவேறியது என்று பிறகு இணையத்தில் பார்த்தேன். அந்த ஊர்ப் பதிவில் நான் வைத்த ஓட்டை அப்படியே இருக்கிறது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் கண்டதைச் சொல்கிறேன். பேசியவர் பக்கம் நியாயம் இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்ல நமக்குச் சம்பளம் இல்லை. காதில் விழுந்ததை விழுந்தது என்று எழுதத்தான் சம்பளம். அதைக்கூடச் செய்ய முடியாமல் போகிற நாள் வரும். அன்றைக்கு என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மத்தியானம் சம்பத்தின் போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். வெளியே மழை. யாழினி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ஹெட்போன் கழுத்தில் கிடந்தது.

“யாழினி” என்றேன். அவளை அவள் பேரைச் சொல்லி நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவள் அசையவில்லை. மழைச் சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, கொஞ்சம் உரக்க இன்னொரு தடவை கூப்பிட்டேன்.

அவள் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது.

“மொதல்ல கூப்புட்டதே கேட்டுச்சுங்க மேடம்” என்றாள்.