தெரியாமல் ஏறிய கப்பல்

இந்த நாட்டில் "வுட் யூ மைண்ட்?" என்று யாராவது கேட்டால், சம்மதம் என்பதற்கு "நோ" என்று சொல்ல வேண்டும். "யெஸ்" என்றால் முடியாது என்று அர்த்தம். சிட்னிக்கு வந்து ஆறு வருடம் ஆகியும் இந்தக் கேள்வி வந்தால் என் நாக்கு ஒரு நொடி தடுமாறும். ஹெலன் போனில் வேகமாகக் கேட்டபோதும் அப்படித்தான். "மைண்ட்", "மம்", "போட்" என்று மூன்று சொற்கள் மட்டும் காதில் விழுந்தன. அவளுடைய அம்மாவைக் கப்பல் வரை கொண்டுவந்து விட முடியுமா என்று கேட்கிறாள் என நினைத்து "நோ, நோ" என்றேன். "யூ ஆர் எ டார்லிங்" என்றாள். மறுநாள் என் டிரைவிங் லைசென்ஸைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். துறைமுகத்துக்குள் போகப் பாஸ் வாங்குவார்கள் போலிருக்கிறது என்று அனுப்பிவைத்தேன்.

ஹெலனின் அம்மா ஜோனுக்கு எண்பத்து மூன்று வயது. பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, சக்கர நாற்காலியில் வெளியே அழைத்துப்போவது என் வேலை. அவர் வீட்டிலேயே பின்பக்கத்து அறையில் தங்கியிருக்கிறேன். இதை இங்கே எழுதுவது போல ஊரில் யாரிடமும் நான் சொன்னதில்லை. சிதம்பரத்தில் நர்சிங் படித்தவள். கல்யாணம் முறிந்த கையோடு இங்கே வந்தேன். நர்ஸாகப் பதிவு செய்ய எழுத வேண்டிய ஆங்கிலத் தேர்வில் மூன்று முறை தோற்றேன். ஊரில் ஒருமுறை தலைகுனிந்தாயிற்று, இன்னொரு முறை முடியாது என்று, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பெயரைச் சொல்லி அங்கே வேலை செய்கிறேன், நர்ஸ் குவார்ட்டர்ஸில் இருக்கிறேன் என்று அம்மாவை நம்பவைத்திருந்தேன்.

சர்குலர் கீ துறைமுகத்தில், கைப்பையோடு மட்டும் நின்ற என்னைப் பார்த்து ஹெலன் திகைத்தாள். "வேர் இஸ் யுவர் சூட்கேஸ்?" அதற்குள் கவுண்டரில் இருந்த பெண் என்னைப் படம் எடுத்து, என் பெயர் அச்சடித்த அட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டிவிட்டாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. மறுநாள் ஹெலனுக்கு முழங்காலில் ஆபரேஷன். தெற்கே ஒரு தீவில் இருக்கும் ஹோபார்ட் நகரம் வரை போய்த் திரும்பும் நான்கு நாள் பயணத்துக்கு அவளுக்குப் பதிலாக நான். ஜோன் என் மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்திருந்தார். ஹெலன் தன் ஸ்வெட்டரைக் கழற்றி என் தோளில் போட்டாள். மாற்றுத் துணிக்குக் கப்பல் கடையில் டீ ஷர்ட் வாங்கிக்கொண்டேன். எல்லாவற்றிலும் அதே கப்பலின் படம்.

கடலூர்க்காரிக்குக் கப்பல் புதிதா என்று கேட்பீர்கள். எங்கள் ஊர்த் துறைமுகத்தில் பெரிய கப்பல்கள் கரைக்கு வருவதில்லை. தூரத்தில் வீட்டுச் சாவி அளவுக்கு நிற்கும். படகுகள் போய்ச் சரக்கை இறக்கிக் கொண்டுவரும். அதைப் பார்ப்பதும் சுனாமியோடு நின்றுபோனது. காலையில் மீன் வாங்கக் கடற்கரைக்குப் போன அம்மாவின் தம்பி திரும்பவில்லை. அதன் பிறகு அம்மா சில்வர் பீச் பக்கம் போகும் பஸ்ஸில்கூட ஏறுவதில்லை. அதனால், கப்பல் மெல்ல நகர்ந்து கரைக் கட்டடங்கள் பின்னால் போனபோது, அம்மாவுக்குப் போன் செய்ய எடுத்த கையை அப்படியே இறக்கிவிட்டேன்.

அன்று மாலை சாப்பாட்டுக் கூடத்தில் ஜோனுக்கு மீனைச் சிறு துண்டுகளாக நறுக்கி ஊட்டி, வாயோரம் வழிந்ததைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தண்ணீர்க் குடுவையோடு யாரோ வந்து நின்றார்கள். "குட் ஈவினிங், மேடம். ஸ்டில் ஆர் ஸ்பார்க்ளிங்?" சாதாத் தண்ணீரா, சோடாவா என்று கேட்ட அந்தக் குரலில் என் கை நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். கறுப்பு வெயிஸ்ட்கோட், நெஞ்சில் "கதிர், இந்தியா" என்று பெயர்ப்பட்டை. என் தம்பி கதிரவன். மஸ்கட்டில் ஒரு ஹோட்டலில் மேனேஜராக இருப்பதாக நாங்கள் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த என் தம்பி.

டம்ளர் நிரம்பி மேசைவிரிப்பில் தண்ணீர் ஓடியது. "டேய்" என்றேன். "ஒண்ணும் பேசாதக்கா. சூப்பர்வைசர் பாக்குறாரு" என்று உதடு அசையாமல் சொன்னான். ஜோன் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "டு யூ நோ ஈச் அதர்?" "மை பிரதர்" என்றேன். ஜோன் கனிவாகச் சிரித்து, "வி ஆர் ஆல் பிரதர்ஸ், டியர்" என்றார். கதிர் குனிந்து மேசையைத் துடைத்தான். அவன் பார்வை என் கையில் இருந்த எச்சில் துணி மீது ஒரு கணம் நின்று விலகியது.  அவன் பொய் சொல்லியிருக்கிறான் என்ற அதிர்ச்சியை விட, நான் பிடிபட்டுவிட்டேன் என்ற அதிர்ச்சிதான் பெரிதாக இருந்தது.

மறுநாள் முழுதும் கடல். பயணிகளோடு ஊழியர்கள் உட்கார்ந்து பேசக் கூடாது என்பது விதி. அவன் தண்ணீர் ஊற்றினான், நான் குடித்தேன். இரண்டு முறை "தேங்க் யூ" என்றேன். கூடப்பிறந்தவனிடம் வாழ்க்கையில் நான் சொன்ன முதல் நன்றிகள் அவை. மதியம் காபி சாஸருக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. "ஹோபார்ட்டில் பதினொரு மணிக்கு, துறைமுகக் கேட்டுக்கு வெளியே."

ஹோபார்ட்டில் வெயில் அடித்தும் குளிர்ந்தது. ஜோனின் மடியில் சிப்ஸ் பொட்டலத்தை வைத்து, நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டு, பெஞ்சில் அவனுக்கு அருகில் உட்கார்ந்தேன்.

"எத்தன நாளாடா கப்பல்ல?"

"ஒரு வருஷம் தாண்டிடுச்சி. மஸ்கட்ல ஆள் கொறச்சாங்க. நான் அங்கயும் மேனேஜர் இல்லக்கா, தட்டு எடுக்குறவன்தான். அம்மாகிட்ட கப்பல்னு எப்படிச் சொல்றது?"

"சிட்னிக்கு எப்ப வந்த?"

"ரெண்டு மாசம். இதோட எட்டு வாட்டி வந்துட்டன்."

அறையத்தான் தோன்றியது. எட்டு முறை, என் வீட்டிலிருந்து ரயிலில் அரை மணி தூரத்தில் அவன் வந்து நின்றிருக்கிறான். "ஒரு போன் பண்ணத் தோணலயா ஒனக்கு? அக்கான்னு ஒருத்தி இங்க இருக்காளேன்னு?"

அவன் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மொத வாட்டியே வந்தன்க்கா. அன்னிக்கி ஒன் பொறந்த நாளு. சொல்லாம கொள்ளாம போயி நிப்போம்னு ஒன் ஆஸ்பத்திரிக்கு வந்தன். ரிசப்ஷன்ல பேரு எழுதிக் காட்னன். மூணு தடவ தேடிப் பாத்தாங்க. குவார்ட்டர்ஸ் எங்கன்னு கேட்டன். அப்டி ஒண்ணு இங்க கெடயாதேன்னாங்க. வெளிய வந்து ஒனக்குப் போன் பண்ணன்."

 அந்தப் பிறந்த நாளில் மதியம் அவன் போன் செய்தது நினைவுக்கு வந்தது. வாழ்த்துச் சொல்லிவிட்டு, "ஆஸ்பத்திரில இன்னிக்கி வேல ஜாஸ்தியாக்கா?" என்று கேட்டான். "ஆமாடா, ஒரே எமர்ஜென்சி, ஒக்காரக்கூட நேரமில்ல" என்று நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவன் "சரிக்கா, ஒடம்பப் பாத்துக்க" என்று வைத்துவிட்டான். எல்லாம் தெரிந்துகொண்டு, அந்த ஆஸ்பத்திரி வாசலில் இருந்தே பேசியிருக்கிறான்.

"ஏன்டா கேக்கல?"

"நீ மறைக்கறன்னா எதுக்காவதுதான மறைப்ப. கேட்டா ஒனக்கு அசிங்கமா இருக்கும்னு வுட்டுட்டன்."

நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அவனும் அழுதான். ஜோன் சிப்ஸ் தின்பதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார். "ஓ" என்றார். "யூ மீன் யுவர் ரியல் பிரதர்." பொட்டலத்தை அவனிடம் நீட்டினார்.

சிதம்பரத்தில் டீச்சராக இருக்கும் மாலதிக்கும் அவனுக்கும் தை மாதம் நிச்சயம் செய்வதாகப் பேச்சு. அவளுக்கும் இவன் மஸ்கட் மேனேஜர்தான். அந்தப் பெண்ணை நினைத்ததும் இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று தோன்றியது. அங்கேயே அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். கடலூரில் எங்கள் மஞ்சக்குப்பம் வீட்டில் அப்போதுதான் பொழுது விடிந்திருந்தது. அம்மா என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தார்.

"கதிரு? நீ எப்படா அங்க போன? பின்னாடி அது இன்னா அவ்ளோ பெரிய கட்டடம்?"

"கட்டடம் இல்லம்மா. கப்பல். அதுலதான் வேல செய்யறன்."

போன் கீழே விழுந்தது. திரையில் எங்கள் கூடத்து மின்விசிறி மட்டும் சுற்றியது. அம்மா தன் தம்பி பெயரைச் சொல்லி அழுவது கேட்டது. இப்போது விட்டால் இனி எப்போதும் சொல்லமாட்டேன் என்று, சுற்றிக்கொண்டிருந்த அந்த மின்விசிறியிடம் நான் சொன்னேன்: "அம்மா, நானும் ஆஸ்பத்திரில இல்லம்மா. ஒரு வயசானவங்களப் பாத்துக்கறன்." சற்றுப் பொறுத்து அப்பாவின் முகம் வந்தது. செம்மங்குப்பம் கம்பெனிக்கு முதல் ஷிப்டுக்குக் கிளம்பியவர், சட்டைப் பொத்தானைப் பாதியில் விட்டிருந்தார். "ஏம்மா, ஒண்ணு ஒண்ணா சொல்லக்கூடாதா?" என்றார்.

கதிர் எல்லாவற்றையும் சொன்னதும் மாலதியின் அப்பா நிச்சயத்தை நிறுத்திவைத்தார். அதில் நான் குறை சொல்ல எதுவும் இல்லை. இரண்டு வாரம் கழித்து மாலதியே என்னை அழைத்தாள்.

"அக்கா, அவரு ஒங்களத் தேடி ஆஸ்பத்திரிக்கு வந்தது நெசமா?"

"நெசம்மா."

"தெரிஞ்சும் ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கலயா?"

"கேக்கல."

 "நாளைக்கி எங்கிட்டயும் இப்டியே மறைப்பாரான்னு அப்பா கேக்குறாரு. எனக்குப் பதில் தெரியல. காண்ட்ராக்ட் முடிஞ்சி வரட்டும்க்கா. நானே நேர்ல கேட்டுக்கறன்."

அம்மா ஒன்பது நாள் எங்கள் இருவரிடமும் பேசவில்லை. பத்தாம் நாள் போன் செய்து, "அவன் கப்பலு எப்ப கெளம்பும்? எனக்குக் காட்டு" என்றார்.

இப்போது கப்பல் சிட்னிக்கு வரும் நாட்களில் ஜோனை அழைத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போகிறேன். கதிருக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கும். பிறகு ஊதல் ஒலிக்கும். மேல்தளங்களில் நிற்பவர்களைப் பார்த்துக் கரையில் எல்லாரும் கையசைப்பார்கள். கதிர் இருக்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது, அது தண்ணீர் மட்டத்துக்குக் கீழே. "அவன் எங்க இருக்கான், அங்க காட்டு" என்கிறார் கடலூரிலிருந்து வீடியோ காலில் அம்மா. கப்பலின் உடம்பு தண்ணீரைத் தொடும் இடத்தை நோக்கிப் போனைத் தூக்கிப் பிடிக்கிறேன். அந்தக் கரை சரிவானது. இன்னொரு கையால் ஜோனின் நாற்காலியைப் பிடித்திருக்கிறேன். கப்பல் திரும்பிப் போகிறது. கையசைக்க எனக்குக் கை இல்லை.