யாருடைய டிரம் அடித்தது?

முசுகெபாவுக்குக் கோபம் வந்தால் ஊரே ஒதுங்கிப் போகும். காம்பியாவின் அந்த ஆற்றங்கரை ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து, வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் இறைத்தே அவள் கை காய்த்துப் போயிருந்தது. புருஷன் செத்த பிறகு பிள்ளைகள் அந்த வெங்காயத்தில்தான் வளர்ந்தார்கள். போன தேர்தலில் ஜெயித்த எம்.பி. பெண்கள் தோட்டத்தில் ஒரு பம்பு வைத்தான், போட்டோ எடுத்தான், போனான். அடுத்த மழைக்குள் பம்பு படுத்துவிட்டது. அந்த ஆள் எட்டிப் பார்த்தானா? இப்போது மறுபடி ஓட்டுக் கேட்டு வந்து நிற்கிறான், வெட்கங்கெட்டவன்!

இந்தத் தடவை அவனைத் தோற்கடித்தே தீருவது என்று தோட்டத்துப் பெண்களிடம் அவள் பேசி வைத்திருந்தாள். அதைக் கெடுத்தவன் எம்.பி.யின் கையாள் யாங்குபா. இங்கே ஓட்டு என்றால் ஒரு கோலிக்குண்டு; போட்டியிடும் ஒவ்வொருவருக்கும் ஒரு தகர டிரம். மறைவுக்குள் போய், பிடித்தவனின் டிரம்மில் போட்டால் மணி அடிக்கும். எல்லா டிரம்மிலும் ஒரே மணிதான். இந்தப் புளுகன் வீடு வீடாகப் போய், "டிரம்முக்கு டிரம் சத்தம் வேற. வெளிய நின்னே கண்டுபிடிச்சிருவேன். பம்பு சரியானதும் மாத்திப் போட்டவளுக்குத் தண்ணி கிடையாது" என்று கிளப்பிவிட்டான். பெண்கள் நடுங்கிப் போனார்கள்.

ஓட்டுப் போடும் நாளன்று யாங்குபா பள்ளிக்கூட வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பெண்கள் வரிசையை முறைத்தபடி நின்றான். முசுகெபாவுக்குப் பொறுக்கவில்லை. நேராக அவன் எதிரில் போய் நின்றாள்.

"ஏண்டா, உனக்கென்ன அப்படியொரு அதிசயக் காது?"

"வாய அடக்குக்கா. எனக்கு எல்லாம் கேக்கும்."

உள்ளே மணி அடித்தது.

"இது யாரு டிரம்டா? சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்!"

பெண்களை மிரட்ட இதைவிட நல்ல சமயம் ஏது? யாங்குபா திரும்பிக்கூடப் பார்க்காமல் கத்தினான்: "எதிராளி டிரம்! போட்ட துரோகி குடும்பமே நாசமாப் போகட்டும்!"

வெளியே வந்தவர் அவனைப் பெற்ற அப்பா தெம்போ.

"யாருடா துரோகி? நம்ம ஆளுக்குத்தானேடா போட்டேன்! என் குடும்பமாடா நாசமாப் போகணும்?" கிழவர் செருப்பைக் கழற்றிவிட்டார்.

வரிசை முழுக்கச் சிரிப்பு. முசுகெபாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் ஆத்திரம்தான் பொங்கியது.

"கேட்டீங்களாடி? சொந்த அப்பன் ஓட்டே தெரியல, இவன் நம்ம ஓட்டக் கண்டுபிடிக்கப் போறானாம்! இவனுக்கா பயந்து செத்தீங்க? போங்கடி உள்ள!"

போனார்கள். அதன்பிறகு ஒவ்வொரு தடவை மணி அடித்தபோதும் யாங்குபாவின் காதில் அது எதிராளியின் டிரம்மாகவே விழுந்தது.