கேட்காமல் செய்த லாமினேஷன்

பத்து வருடங்களுக்கு முன்பு, துபாய் தேராவில் ஒரு ஏ.சி. கான்ட்ராக்ட் கம்பெனியில் ஆபீஸ் பாயாக வேலை பார்த்தேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. டீ போடுவது, ஜெராக்ஸ் எடுப்பது, ஃபைல்களை அடுக்கி வைப்பது என் வேலை. எங்கள் மேனேஜர் நியூசிலாந்துப் பெண்மணி. அப்பா இறந்த பிறகு, தொண்ணூறு வயது அம்மாவைத் தன்னோடு துபாய்க்கே அழைத்து வந்திருந்தார். வீட்டில் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு லீவு என்றால் அந்த அம்மா ஆபீசுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். நான் அவரைப் பெரிய மேடம் என்பேன். எங்கள் அக்கவுண்டன்ட் திருநெல்வேலிக்காரர். அவருக்கு மட்டும் பெரிய மேடம் இத்தாலி ஆச்சி.

ஆமாம், அவர் பிறந்தது இத்தாலியில். இரண்டாம் உலகப் போர் முடிகிற சமயத்தில், அவர் ஊரில் முகாம் போட்டிருந்த நியூசிலாந்துச் சிப்பாய் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார். வெளிநாட்டுக்காரரை மணந்ததும் அந்தக் காலத்துச் சட்டப்படி அவருடைய குடியுரிமை போய்விட்டது. அவரைப் போன்ற மனைவிமார்களை ஏற்றிக்கொண்டு போன கப்பலில் ஒரு மாதத்துக்கு மேல் பயணம். கேட்கும் இடத்தில் எல்லாம் காட்ட வேண்டுமே என்று கல்யாணச் சான்றிதழை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்திருந்தாராம். போய்ச் சேர்ந்த இடம் ஓர் ஆட்டுப் பண்ணை. இத்தாலி நேற்றுவரை எதிரி நாடு என்பதால் வீட்டில் அந்தப் பாஷை பேசக் கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார். பெயரும் வாயில் நுழையவில்லை என்று ஓர் ஆங்கிலப் பெயர் வைத்தார்கள். எழுபது வருடம் அந்தப் பெயரிலேயே இருந்தார். பெற்ற மகளுக்கே இத்தாலிய மொழி தெரியாது.

இதெல்லாம் பெரிய மேடம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவரும் ஆங்கிலம் மெதுவாகப் பேசுவார், நானும் அப்படித்தான். அதனால் எங்களுக்குள் ஒத்துப்போனது.

அவரைப் போன்ற பெண்கள் விண்ணப்பித்தால் குடியுரிமையைத் திரும்பப் பெறலாம் என்று பிற்பாடு சட்டம் வந்திருக்கிறது. அதற்காக இத்தாலியத் தூதரக அலுவலகத்தில் நேரம் வாங்கியிருந்தார்கள். அங்கே பிறந்த வீட்டுப் பெயரில்தான் கையெழுத்துப் போட வேண்டும். நான் குப்பைக்குப் போடும் பிரின்ட் தாள்களை வாங்கி, பின்பக்கத்தில் அந்தப் பெயரை எழுதி எழுதிப் பார்ப்பார். முதல் எழுத்தை மட்டும் பெரிதாகச் சுழிப்பார்.

குறித்த நாளுக்கு மூன்று நாள் முன்பு மேனேஜர் அந்தக் கல்யாணச் சான்றிதழை என்னிடம் கொடுத்து, இரண்டு காப்பி எடுத்துப் பத்திரமாக வை என்றார். மடிப்புகளில் தாள் கிழியத் தொடங்கியிருந்தது. ஜெராக்ஸ் கண்ணாடியில் வைத்து எடுத்தபோது ஒரு துணுக்கு உதிர்ந்தது. எனக்குப் பதறிவிட்டது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வந்த அன்றே டவுனுக்குப் போய் லாமினேட் செய்தவன் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். ஒரு தாளை மதிக்க எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். யாரிடமும் கேட்காமல் கீழே இருந்த கடையில் கொடுத்து, கனமான பிளாஸ்டிக்காகப் போட்டு லாமினேட் செய்து வந்தேன். பளபளவென்று இருந்தது. அக்கவுண்டன்டிடம் பெருமையாகக் காட்டினேன்.

அவர் கையில்கூட வாங்கவில்லை. "ஏலே, ஒரிஜினலையால போட்ட? இனி எவன் இதுல சீல் குத்துவான்? ஆச்சி கதைய முடிச்சிட்டியேல" என்றார்.

லாமினேட் செய்த ஒரிஜினலைத் தூதரகங்களில் ஏற்க மாட்டார்கள் என்பது, டிகிரி சர்டிபிகேட்டுக்கு அட்டெஸ்டேஷன் முத்திரை வாங்கி வந்தவர்களுக்குத் தெரிந்த விஷயம். ஆபீஸ் பாய் விசாவில் வந்த எனக்குத் தெரியாது. பிளேடால் ஓரத்தை வெட்டி உரித்துப் பார்த்தேன். பழைய முத்திரையில் பாதி பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டது. அதோடு நிறுத்திவிட்டு, மேனேஜர் அறைக்குப் போய்ச் சொன்னேன்.

அவர் குரல் உயரவில்லை. "உன்னிடம் யார் கேட்டது?" என்றார்.

பெரிய மேடம் அதை வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கப்பலில் போகும்போது இப்படி இருந்திருந்தால் வேர்வையில் நனையாமல் இருந்திருக்கும், நீ கொஞ்சம் தாமதமாக வந்துவிட்டாய் என்றார். மகள் சிரிக்கவில்லை. நானும்தான்.

தூதரக அலுவலகத்தில் இது செல்லாது, கல்யாணம் நடந்த ஊரிலிருந்து புதுப் பிரதி வாங்கி வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் சின்ன ஊருக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தோம். மூன்றாவது மாதம் பெரிய மேடத்துக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு குழறியது, வலது கை போய்விட்டது. பிரதி வந்து சேர ஐந்து மாதம் ஆனது. என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் மேனேஜர் என்னிடம் வேலை விஷயம் தவிர எதுவும் பேசுவதில்லை.

பிரதி வந்த வாரம், சக்கர நாற்காலி தள்ள ஆள் வேண்டும் என்று மேனேஜர் என்னையும் தூதரக அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். பெரிய மேடம் இடது கையால் பேனாவைப் பிடித்துப் பார்த்தார். ஒரு கோடு இழுத்தது, அதற்கு மேல் வரவில்லை. அங்கிருந்த இத்தாலிய அதிகாரி பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, கடைசியில் மைப்பெட்டியைத் திறந்து வைத்தார். எப்படி வைப்பது என்று மகளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். ரேஷன் கடையிலும் பேங்கிலும் என் அப்பாவின் விரலைப் பிடித்து வைத்துப் பழக்கம். அழுத்தக் கூடாது, நக ஓரத்திலிருந்து இந்தப் பக்கம் உருட்ட வேண்டும். பெரிய மேடத்தின் கட்டைவிரலைப் பிடித்து அப்படியே உருட்டினேன். ரேகை சுத்தமாக விழுந்தது.

அவர் விரலைப் பார்த்துக்கொண்டே இத்தாலிய மொழியில் ஏதோ சொன்னார். எனக்கும் புரியவில்லை, மகளுக்கும் புரியவில்லை. அதிகாரிதான் ஆங்கிலத்தில் சொன்னார்: "என் அம்மா எழுதத் தெரியாமல் சிலுவைக் குறி போடுவாள். எங்கள் வீட்டில் முதலில் கையெழுத்துப் போட்டவள் நான் என்கிறார்."

அடுத்த வருடம் அவர் இறந்தார். இத்தாலியக் குடிமகளாகத்தான் இறந்தார் என்று மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மன்னித்துவிட்டதாகச் சொன்னது போலத்தான் அது இருந்தது.

இன்று நான் ஒரு கம்பெனியில் டாக்குமென்ட் கன்ட்ரோலர். யார் எந்தத் தாளைக் கொடுத்தாலும் என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு முறை கேட்ட பிறகே தொடுகிறேன். ஆனாலும், அந்த அம்மா அத்தனை முறை எழுதிப் பார்த்த பெயருக்குப் பக்கத்தில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரேகை இருப்பதற்கு, நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்ட அந்த ஐந்து மாதங்கள்தான் காரணம் என்பது மாறப்போவதில்லை.